பழுப்புக் காரின் நிழல்

மைத்துனனுக்கு,

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் அக்கா காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் உன் நலத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிடுகிறாள். போன வாரம் நீ அனுப்பிய அழைப்புக்கு ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பத்தான் கைப்பேசியை எடுத்தேன். முடியவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

இங்கே அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். குளிருக்கென்று இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி, அதில் ஒன்றை எனக்குப் போட்டு அளவு பார்த்தாயிற்று. மாடியில் குடியிருப்பவர்கள், பால்காரர், பல் டாக்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல், தம்பி எங்களைக் கூப்பிட்டிருக்கிறான் என்று சொல்லி முடித்துவிட்டாள். நம் பழைய கார் கடை முதலாளிக்கு முழங்கால் வலி. உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை. என் நாற்காலியின் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. அதைக் கேட்க நாதியில்லை.

வேலையில்லாமல் இருந்த உன்னைக் கடையில் படம் திருத்தும் அந்த அறைக்குள் கூட்டிப்போனவன் நான். பழைய கார்களின் படத்தில் பின்னணியை வெட்டுவதும், நம்பர் பிளேட்டை மறைப்பதும், கதவுப் பளபளப்பில் தெரியும் நம் முகத்தையே துடைத்து எடுப்பதும் நான் சொல்லிக் கொடுத்தவை. கீறலை மட்டும் தொடாதே, வாங்க வருகிறவன் நேரில் பார்த்துச் சண்டைக்கு நிற்பான் என்றும் சொன்னேன். பதினேழு வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவர்கூட என் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தில் கை வைத்ததே தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீ டீ ஆறுவதற்குள் படத்தில் ஒரு காருக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான்கு சட்டைப் பொத்தான்களை மாட்டுவாய். முதலாளியின் நீளக் காரைச் செருப்பு அளவுக்குச் சுருக்கி, கூரை வழியாக அவர் வழுக்கைத் தலையை வெளியே எடுத்துவிட்டாய். நானாக இருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். உன் படத்தைச் சட்டம் போட்டு மேசையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “அளவுகோல், நீயும் ஒரு நாள் சிரிச்சுப் பாரேன், பல்லு ஒண்ணும் கொட்டிடாது” என்றார். அன்றிலிருந்து அறையில் எனக்கு அதுதான் பெயர்.

எங்கள் வீட்டு வண்டிக்குப் பாய்மரம் கட்டிக் கடலில் விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அக்கா அதைத் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். அதற்கு முன் அந்த இடத்தில் எங்கள் கல்யாணப் படம் இருந்தது. ஒரு தடவை, இதெல்லாம் ஒரு வேலையா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். “சிரிக்க வைக்கிறதும் வேலைதாங்க, எல்லாருக்கும் அது வராது” என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வரிசையில் பதினோரு மாதமாக விலைபோகாமல் நின்ற அந்தப் பழுப்புக் கார். நீ அதன் விளக்குகளுக்கு மேல் பாதி மூடிய இமைகளை இழுத்துவிட்டு, முன்பக்க பம்பரைக் கீழே வளைத்து, கடைசிப் பேருந்தையும் விட்டுவிட்டவன் மாதிரி உர்ரென்று நிற்க வைத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் மதியம் நீ அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாய். அறையில் நான் மட்டும். வாராந்திர விளம்பரப் பட்டியல் இணையத்தில் ஏற வேண்டிய நேரம். உன் கணினியில் உட்கார்ந்து, உன் பெயரில், உண்மையான படத்தை எடுத்துவிட்டு அந்த உர்ரென்ற படத்தை ஏற்றினேன். கை தவறி அல்ல. விற்பனைப் பட்டியலில் விளையாடியதை முதலாளி பார்த்தால் உன்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

ஏற்றுவதற்கு முன் ஒன்று கண்ணில் பட்டது. வெயில் வலப்பக்கமிருந்து விழுகிறது. நீ காரின் முகத்தை மாற்றியவன் நிழலை மாற்றவில்லை. இமைக்கு விளக்கின் மேலும், வளைந்த பம்பருக்குத் தரையிலும் நிழலே இல்லை. உன்னைக் கெடுக்க உட்கார்ந்தவன், அந்தத் தப்போடு அதை அனுப்ப மனசு வராமல் முக்கால் மணி நேரம் நிழல் போட்டேன். இது என் பிறவிக் குணம். வேறு சமாதானம் இல்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. சனிக்கிழமை அந்தக் கார் விற்றது. அடுத்த மாதம் அந்தக் காரைத் தயாரித்த கம்பெனி உன்னை அங்கே வேலைக்குக் கூப்பிட்டது. அவர்கள் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்று நீயே வாசித்துக் காட்டினாய்: கார் நிஜமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது, முக்கியமாக அந்த நிழல். அத்தனை வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு, உன் பெயருக்கு வந்தது. வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. வாங்கினால் எதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

அன்று அறையில் நான் மட்டும் இருந்ததை வைத்து ஏற்றியது நான்தான் என்று கண்டுகொண்ட நீ வேறு, அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நிழலைக்கூடச் சரி பண்ணி அனுப்பியிருக்கீங்களே அத்தான், எனக்காக வேற யாரு இதைச் செய்வாங்க?” என்றாய். அக்கா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் அவள் பேசும் குரலே மாறிவிட்டது. அதை இழக்கப் பயந்துதான் இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. இப்போது நீ, “நான் முகம் வைக்கிறேன், நீங்க நிழல் போடுங்க” என்று உன் கம்பெனிக்கே கூப்பிடுகிறாய். அதைப் படித்தபோதும் எனக்கு வயிறுதான் எரிந்தது. அங்கேயும் நான் நிழல்தானா என்று தோன்றியது. இந்த மனசோடு உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னொரு மதியம் என்ன செய்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் அக்காவிடம் சொல்வேன். முன்னால் சொன்னால், எப்படியோ நல்லதுதானே நடந்தது என்று தாளை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். நான் வரவில்லை; அவள் மட்டும் உன்னிடம் வரட்டும். ஒரு மாதமாவது இருக்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால் அவள் நிறையச் சிரிக்கிறாள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நன்றாக இரு.

கடிதத்தின் அடியில் ‘அன்புள்ள அத்தான்’ என்று எழுதப் போனேன். அது நீ என்னைக் கூப்பிடுகிற பெயர். இதைப் படித்த பிறகும் கூப்பிடுவாயா என்று தெரியாமல் நானே அதைப் போட்டுக்கொள்வது சரியில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டு, கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன்.