சேற்றை விட்டு மேட்டுக்கு

இன்று காலை சின்னமனூர் வழியாக மாட்டுவண்டியில் வந்தபோது, வாய்க்காலை ஒட்டிய வயலில் நடவுக்குச் சேறாக்கித் தொழி கலக்கிக்கொண்டிருந்தார்கள். அழுகிய தழையும் புதுத் தண்ணீரும் சேர்ந்த அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முழங்கால் வரை சேறு அப்பிக்கொண்டு நீ எதிரே வருவாய் என்று ஒரு கணம் தோன்றியது.

நம் ஊரில் சடுகுடு ஆடுகிறவர்களுக்கு அப்போது ஒரே பயிற்சிதான். நாற்று நடுமுன் தொழி வயலில் ஓட வேண்டும். கால் உரம் ஏறும் என்று நம்பினார்கள். வயல்காரருக்கும் மிதிக்கிற வேலை மிச்சம். நான் சொல்லும் வருசத்துக்கு முந்தின பொங்கலில்தான், நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் எதிரூர்க்காரர்கள் உன்னை அமுக்கிப் பிடித்து, நாம் தோற்றிருந்தோம். அணித் தலைவராக இருந்த உன் பெரியப்பா மகன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "வர்ற தையிலயும் மாட்டுனீன்னா, அடுத்த வருசம் வெளிய நின்னு கூவு. அதுக்கு ஒனக்கு நல்ல தொண்டை இருக்கு."

அதனால் நீ மற்றவர்களைவிட அதிகம் சேற்றில் கிடந்தாய். ஒருநாள் வீடு திரும்பும்போது வண்டிப்பாதையில் விளையாட்டாக ஓடிப் பார்த்தோம். பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டு, ஓடியே பழகாத நான் புளியமரத்தை முதலில் தொட்டேன். நான் திகைத்து நிற்க, நீ சிரித்தாய்.

"மாப்ள, சேத்துல ஓடி ஓடி, சேத்துல ஓடத்தான் படிச்சிருக்கேன்."

உண்மைதான். கெட்டித் தரையிலும் உன் கால் எதிலிருந்தோ பிடுங்கி எடுப்பதுபோல் மெதுவாகத்தான் எழுந்தது.

மறுநாளே சேற்றை விட்டுவிட்டு, ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் சரிவுக்குப் போய்விட்டாய். குறுகிய தூரம், முழு வேகம். மேலே சேர்ந்ததும் பாறையில் உட்கார்ந்துவிடுவாய். மூச்சு அடங்கி வேர்வை காயும் வரை எழுந்திருக்க மாட்டாய். கால் கனத்தால் அன்றைய ஓட்டம் அதோடு சரி. ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி தினமும் கேட்பாள்: "ஏலே, ஓட வந்தியா, பாறைக்குக் காவலிருக்க வந்தியா?"

நீ வேலியில் ஒட்டிக் கிடந்த ஓணானைக் காட்டுவாய். "அது நாள் பூரா ஓடிக்கிட்டா இருக்கு ஆத்தா? கெளம்பும்போது புடிச்சுப் பாரு."

சேற்றுக்கு வராதவனுக்கு ஆட்டத்தில் என்ன இடம் என்று தலைவர் குதித்தார். "தையில பாருண்ணே" என்று மட்டும் சொன்னாய்.

தையில், எதிரணிக்குள் பாடிப்போகும் கடைசிப் பாட்டுக்குத் தலைவர் உன்னைத்தான் அனுப்பினார். கோடியில் நின்றவன் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாய். முந்தின பொங்கலில் உன்னை அமுக்கிய அதே ஆள் உன் கணுக்காலை நோக்கி விழுந்தான். அவன் கையில் மண்தான் இருந்தது. நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாய். "எப்பப் போனான்னே தெரியலையே!" என்றார் எதிரூர்ப் பெரியவர். தலைவர் தன் துண்டால் உன் முகத்தைத் துடைத்தார்.

"மேட்டுல எனக்கும் ஒரு பாறை பாத்து வையிடா."

மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்தச் சரிவில் இளவட்டங்கள் ஓடுகிறார்கள், ஓடியதும் உட்காருகிறார்கள். நானும் அதையே செய்கிறேன். அவசரச் செய்தி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனம் அடங்கும் வரை சும்மா இருப்பேன். "ஐயா இன்னும் உக்காந்தே இருக்காக" என்று அச்சுக்கூடத்துப் பையன்கள் கேலி பேசுவது காதில் விழும்.

பேசட்டும். கிளம்பும்போது பிடித்துப் பார்க்கட்டும்.