மரவள்ளியும் இஞ்சியும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று அண்ணனை அடித்தேன்.

எங்கள் பட்டியில் வளரும் பன்றிகளின் தீவனத்தில் இஞ்சித் தூள் சேர்க்கத் தொடங்கியது நான்தான். அதற்குப் பிறகு வயிற்றோட்டம் நின்று, நன்றாகத் தின்று வளர்ந்தன. நேற்று நான் சிலாபம் போயிருந்த நேரத்தில் அண்ணன் மரவள்ளி இலையை வெட்டிப் பச்சையாகவே இஞ்சித் தீவனம் கிடந்த தொட்டியில் கொட்டியிருக்கிறான். வெயிலில் வாட்டாத இலை நஞ்சு என்று அவனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். காலையில் மூன்று பன்றிகள் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தன.

வேலியோரம் கூடியவர்களிடம் அவன் சத்தமாகச் சொன்னான்: "மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தா நஞ்செண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கட கம்பஸ் மாத்தையாவுக்குத்தான் தெரியாது!"

பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதால் என்னை இப்படி 'ஐயா' போட்டு நக்கலடிப்பது அவன் வழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காணியைப் பிரித்து எனக்கு உவர் நிலத்தைத் தள்ளிய அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள்.

"கொன்றது உன்ட பச்ச இலைடா!" என்று கத்திக்கொண்டு தீவனம் கிண்டும் பொல்லுத்தடியால் அவன் தோளில் ஒன்று போட்டேன்.

"எனக்கு அடிச்சா இஞ்சி நல்லதாகிருமா?" என்றான்.

அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் தெறித்ததைப் பார்த்தேன். நாலு பேர் பிடித்திழுக்காவிட்டால் அவனும் அந்தப் பன்றிகளோடு கிடந்திருப்பான்.

என் சட்டையிலிருந்த இரத்தத்தைக் கழுவிக்கொண்டே மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மிச்சப் பண்டிகளுக்காவது இனி இஞ்சி போடாதீங்கப்பா."

இவளுமா? அவள் முகத்தைப் பார்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்திருந்தால் அவளையும் அடித்திருப்பேன்.