கூண்டுக்குள் ஒரு சால்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் வீட்டின் கிழட்டுப் பூனையைக் கண்காட்சிப் போட்டியில் சேர்க்கலாமா என்று ஒரே பேச்சு. அதற்குத் தலைவாரிவிடுவதும் என் வேலைதான், சிரிக்காதே. அங்கே நாள் முழுக்கக் கூண்டில் இருக்க வேண்டுமாம், அதனால் பழக்கிப் பார்க்கக் கூண்டில் விட்டோம். மீனைக்கூட அது முகர்ந்து பார்க்கவில்லை. முதலாளியம்மா ஏசி குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையை உள்ளே போட்டதும், அதில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டது.

"பாவம், வயசான காலத்துல இதுக்கு எதுக்குப் போட்டி? வீட்லயே கெடக்கட்டும்" என்று கூண்டைத் திறந்துவிட்டார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

நம் பக்கத்து வீட்டு அக்கா இங்கே வரும்போது தின்பண்டம் எதுவும் வேண்டாம். நீ உடுத்திய பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு.

முதலாளியம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். புடவையைத் துவைத்துவிடாதே அம்மா.

உன் மகள்