"போறேன்மா"

அன்புள்ள அம்மாவுக்கு,

டீச்சரக்கா இன்று கிளம்பும்போது "வரேன்" என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் குரலைப் பதிவு செய்து அனுப்பு. என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

நான் துடைக்கும் சிகிச்சை அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. அடியில் உள்ள ஸ்பீக்கர்கள் அதிர, பாட்டு முதுகு வழியாக உடம்புக்குள் இறங்கும். மனச்சோர்வுக்காக டீச்சரக்கா ஆறு வாரமாக அதில் படுக்கிறார். அழுதுகொண்டே போனாலும் "வரேன்மா" என்பார். இன்று சிரித்தார். தன் குடையை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "போறேன்மா" என்றார். வெளியே நல்ல மழை.

தயங்கித் தயங்கி சிகிச்சை தரும் சாரிடம் சொன்னேன்.

"சிரிச்சாங்கல்ல? பாட்டு வேலை செய்யுது! ஒரு வார்த்தைக்குப் போய் இப்படி மிரளுறியே, உன்னையும் ஒருநாள் கட்டில்ல போடணும்" என்றார்.

ஜன்னலில் பார்த்தேன். டீச்சரக்கா நனைந்தபடி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, தன் வீட்டுக்குப் போகும் வழிக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்.

கையிலிருந்த துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.