திரையில் வந்த நம் வீட்டுப் பெயர்

மில்வாக்கி,
பிப்ரவரி 10, 1986

அன்பு மகள் லெனோருக்கு,

வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் எங்களுக்கு அது போதும். என் முட்டிவலி தேவலை. வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்தில் அம்மா ஒவ்வொரு மேசையாக நின்று உன் பெருமை பேசியதில் என் தட்டு மீன் ஆறிப்போனது.

போனில் நீ அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் மனதை அறுக்கிறது. நீ எழுதி இயக்கிய முதல் படத்தின் முடிவைக் கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள், அதனால் உன் பெயரை எடுத்துவிட்டு ஏதோ பொய்ப்பெயரைப் போடச் சொல்லப்போகிறாய், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். சினிமாவில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஒரு நாள் ரொட்டி கருகினால் பேக்கரிக்காரன் கடைப் பெயரையே மாற்றுவானா என்று கேட்க வாய்வரை வந்தது, நீ அழுததால் அடக்கிக்கொண்டேன்.

நேற்று மதியம் அந்தப் படத்தை வெளியிடும் முன் இங்கே ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், உன்னிடம் சொல்லாமல் நாங்களும் போனோம், கோபப்படாதே. உன் பெயர் வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்த ஒரு மனுஷன் "உக்காரும்மா, ஒண்ணும் தெரியல" என்று கத்த, இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "இருய்யா, எம் பொண்ணு பேரு வருது" என்றாள். முடிவு மோசம்தான், மறைக்க மாட்டேன், ஓடிப்போன கணவன் பூங்கொத்தோடு திரும்பி வந்ததும் "அடப் போடா" என்று கூட்டமே கத்தியது. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தானம் கொடுக்கும் பழந்துணி மூட்டையில் போட்டாளே, அப்போது அரங்கில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை. அம்மாவை அதட்டிய மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அதைச் செய்தது கம்பெனிக்காரனா? நீ. அதைப் பார்த்துவிட்டு அடுத்த படம் கொடுக்க ஒருவன் தேடிக்கொண்டு வருவான், எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் பொய்ப்பெயர் இருந்தால் அவன் யாரைத் தேடுவான்?

நீ அங்கே போன புதிதில் கலின்ஸ்கி என்ற நம் வீட்டுப் பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றிக்கொள் என்றவனிடம் சண்டை போட்டு வேலையையே விட்டவள் நீ. முடிவு உன்னுடையது, எதைச் சொன்னாலும் உன் பக்கம்தான் நிற்போம். கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், அம்மா முத்தங்கள் அனுப்புகிறாள். காருக்கு ஆயில் மாற்ற மறக்காதே. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், படம் நன்றாக வந்தால் மட்டும் போட்டுக்கொள் என்று சொல்லி நாங்கள் உனக்கு அந்தப் பெயரைத் தரவில்லை.

என்றும் உன் அப்பா,
ஸ்டான்லி கலின்ஸ்கி