ஒரே ஜோடி கம்பூட்ஸ்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சுண்டுவிரல் இடுக்கில் மறுபடி அரிப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப் போட்ட மூன்றாம் நாளே அடங்கியது, நிறுத்தினேன். இப்போது சிவப்பு வட்டம் பாதத்துக்கே ஏறிவிட்டது. ஒரு மாதமாக இதே கூத்து.

கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடம் எந்நேரமும் தண்ணீர். பெண்கள் சைஸில் கம்பூட்ஸ் ஒரே ஜோடி. காலை ஷிஃப்ட் நான், மதியம் சாந்தம்மா அக்கா. நான் கழற்றிய சூடு ஆறுமுன் அவர் மாட்டியாக வேண்டும். ஆனால் அவர் ராத்திரி கிளம்பும்போது பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்துவிட்டுத்தான் ஒக்கலிபுரம் பஸ் ஏறுவார். காலையில் எனக்கு ஈரம் படக்கூடாதாம்.

ஜூலை 10, வியாழன்
லீவு. தோல் டாக்டர். ட்யூபைப் பார்த்ததும் குப்பைக்கூடையில் போட்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அரிப்ப அமுக்கும், பூஞ்சைய வளத்துவிடும்."
- புது களிம்பு, இரண்டு வேளை, நான்கு வாரம். ஆறினாலும் நிறுத்தக் கூடாது.
- விரல் இடுக்கைத் துடைத்துக் காய வைக்கணும். தினம் துவைத்த காட்டன் சாக்ஸ்.
- துண்டு, செருப்பு தனி.
"அந்த பூட்ஸ வேற யாராவது போடறாங்களா?"
"இல்ல மேடம்."
ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். வேறென்ன.

ஜூலை 11, வெள்ளி
சொல்லவில்லை. அக்கா சர்க்கரை இல்லாத டீயை உறிஞ்சிக்கொண்டே பூட்ஸ் மாட்டினார். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக சுகர். சுகர்காரருக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது.

ஜூலை 14, திங்கள்
சொல்லிவிட்டேன். "அக்கா, கால காட்டுங்க."
"எதுக்கு? எனக்கு அரிப்பு எரிச்சல் ஒண்ணும் இல்லியே."
குனிந்து நானே சுண்டுவிரலை விலக்கினேன். வெள்ளையாக ஊறி, நடுவில் வெடிப்பு. கொஞ்சம் சீழ். தொட்டேன், அவருக்குத் தெரியவே இல்லை. சுகரில் பாதம் மரத்துப்போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.
"உனக்கு எத்தினி நாளா இருக்கு?"
"ஒரு மாசம்."
"ஒரு மாசமா வாய மூடிக்கினு எனக்குக் கழட்டிக் கொடுத்தியா?"
"அக்கா..."
"சாக்கு. பிடு, கைய எடு."
போதும், விடு என்கிறார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

ஜூலை 16, புதன்
அக்கா ஆஸ்பத்திரியில். சூப்பர்வைசர்: "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா விரலயே எடுத்திருப்பாங்களாம்."
இன்னொரு ஜோடி கேட்டேன். "எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். எப்போது வருமோ. பீன்யாவில் ஒரு கடையில் நானே வாங்கிவிட்டேன். பழையதைக் கழுவிவிட்டேன், காய வைக்க வெயிலைத்தான் காணோம்.

ஜூலை 20, ஞாயிறு
வெயில். பூட்ஸ் மாடியில். அக்காவுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்
அக்கா வேலைக்கு வந்துவிட்டார். விரல் இருக்கிறது. புது ஜோடி இனி அவருக்கு மட்டும் என்றேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை.

ஜூலை 29, செவ்வாய்
தூறல். களிம்பு இன்னும் ஒன்பது நாள். ஆறு மணி ஷிஃப்ட், அவசரமாகப் பழைய பூட்ஸுக்குள் காலை விட்டேன். விரலில் ஏதோ தட்டியது. கன்னட பேப்பர், இறுக்கச் சுருட்டியது. இரண்டு காலிலும்.