அறுக்கச் சொன்ன குழாய்

என் அக்காவுக்கு,

நீ வேலை செய்யும் அணுமின் நிலையம் வேண்டாம் என்று நம் தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். அம்மாவும் போடுவதாக இருந்தாள். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். கோபித்துக்கொள்ளாதே.

இன்று அந்தத் தாள் எங்கள் தையல் கடைக்கும் வந்தது. மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வெளிநாட்டுக்காரன் அணு உலையை வித்துட்டுப் போயிடுவான். ஓட்டப் போறது நம்ம ஆளுங்கதானே? இந்தக் கட்டடத்து லிஃப்டையே மூணு மாசமா ஓட்ட முடியல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடியே சொன்னேன்: "எங்க அக்கா அங்கதான் வெல்டிங் பண்றா. அவ பத்தவெச்ச குழாய்ல ஊசிமுனை அளவு ஓட்டை எக்ஸ்ரேல தெரிஞ்சுது. வெளிநாட்டு இன்ஜினியரே பரவாயில்லன்னார். இவ விடல. மூணு நாள் வேலையை அறுக்கச் சொல்லி, மறுபடி பத்தவெச்சா."

"அட, உனக்குப் பேச வருமா?" என்றார் மாஸ்டர். பிறகு தான் தைத்து முடித்திருந்த சட்டையை நீட்டினார். "இந்தக் காலரைப் பாரு. உங்க அக்கா விடுவாளா?"

ஒரு நூல் அளவு கோணல். "விடமாட்டா" என்றேன். உட்கார்ந்து பிரித்தார்.

கையெழுத்தை மட்டும் அவர் அடிக்கவில்லை. "பயம் பயம்தாம்மா. ஆனா உங்க அக்கா மாதிரி அங்க எத்தனை பேர்னு கேட்டு எழுது."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த பேனாவை என் கையில் கொடுத்து, "முதல்ல அவளுக்கு எழுது" என்றாள். அதில்தான் எழுதுகிறேன்.

இன்று வாய் திறந்த,
உன் வாயில்லாப்பூச்சி